இடது தொடை இடுக்கில் ஒன்பது மாதம்

வலி எங்கே தொடங்கியது என்று கேட்டால் தரையில் அந்த இடத்தையே காட்டிவிடுவேன். பேட்மின்டன் கோர்ட்டில், வலைக்குப் பக்கத்தில், வலது ஓரம். எதிராளி மெதுவாகத் தட்டிவிட்ட ஷட்டிலை எடுக்க வலது காலை எட்டி வைத்தேன். பின்னால் இருக்கும் இடது கால் வழக்கமாகத் தரையை உரசிக்கொண்டே கூட வரும். அன்றைக்கு யாரோ சிந்திய வியர்வை அங்கே கிடந்திருக்க வேண்டும். கால் கூட வரவில்லை, வெளிப்பக்கமாக ஓடிவிட்டது. தொடையின் உள்பக்கம், மேலே இடுக்கை ஒட்டி, சுருக்கென்று ஒரு இழுப்பு. ஷட்டிலை எடுத்துவிட்டேன், புள்ளியும் எனக்குத்தான். அந்தக் குஷியில் இன்னும் இரண்டு ஆட்டம் ஆடியதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

மறுநாள் காலை எழும்போதுதான் விஷயம் புரிந்தது. நேராக நடந்தால் வலி பெரிதாக இல்லை. படியேறவும் முடிந்தது. ஆனால் படுக்கையில் புரண்டு படுக்க முடியவில்லை. போர்வைக்குள் அகன்று கிடந்த இடது காலை வலது காலோடு சேர்க்கப் பார்த்தால் உயிர் போனது. காரில் உட்கார்ந்த பிறகு இடது காலை உள்ளே எடுத்து வைக்க, பேன்ட்டை முழங்காலுக்கு மேலே பிடித்துக் கையால் தூக்கித்தான் வைத்தேன். காலை நடுவுக்குக் கொண்டுவருவது ஒரு தனி வேலை, அதற்கென்று தனித் தசைகள் இருக்கின்றன என்பதே நாற்பத்து மூன்று வயதில் அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஐந்து மாதம் நான் செய்ததை எல்லாம் சொல்லத்தான் வேண்டும். வெட்கமாக இருந்தாலும், இதே தவறுகளைச் செய்துகொண்டிருக்கும் ஆட்கள் நிறைய.

முதலில் ‘சுளுக்கு’ என்று நானே முடிவு கட்டினேன். தசை இறுகிவிட்டது, இழுத்து நீட்டினால் சரியாகும் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் ஒட்டவைத்து, முழங்கால்களை இரண்டு பக்கமும் கீழே அழுத்துவது, அதுதான் என் தினசரி வைத்தியம். அழுத்தும்போது வலிக்கும். அந்த வலியை ‘நல்ல வலி’ என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் கிழிந்த நூலை இரண்டு பக்கமும் பிடித்துத் தினமும் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்று வாரம் ஓய்வு, வலி குறையும், ஆடப் போவேன், இரண்டாவது நாள் பழைய இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். மறுபடி மூன்று வாரம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று.

நடுவில் ஒரு கூத்து. முழங்காலின் உள்பக்கத்தில் மந்தமாக ஒரு வலி வர ஆரம்பித்தது. முழங்காலும் போச்சு என்று நினைத்து நீகேப் வாங்கி இரண்டு வாரம் மாட்டிக்கொண்டு திரிந்தேன். முழங்காலில் ஒன்றுமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உள்தொடைத் தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவது ஆப்ட்யூரேட்டர் என்ற நரம்பு. அதன் கிளைகள் இடுப்பு மூட்டுக்கும் போகின்றன, முழங்கால் மூட்டுக்கும் போகின்றன. அதனால் மேலே உள்ள தொல்லையைக் கீழே உள்ள வலியாக மூளை படித்துவிடும். தொடை இடுக்கில் பழுது, முழங்காலில் புகார்.

ஐந்தாவது மாதம்தான் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லி ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவர் முதலில் கேட்டது வலி எங்கே என்று இல்லை. “விளையாடுற ஷூவைக் கொண்டுவந்திருக்கீங்களா சார்?” என்றார். பையில் இருந்தது. இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தார். வலது ஷூவின் அடி ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. இடது ஷூவில் கட்டைவிரல் பக்கத்து உள்ஓரம் மட்டும் ரப்பர் போய்த் துணி தெரிந்தது. “ஒவ்வொரு தடவை நீங்க எட்டி வைக்கும்போதும் இந்தக் கால்தான் பின்னாடி இழுபட்டு வருது. அதுக்கு பிரேக் போடுறது யார்னு நினைக்கிறீங்க?” என்றார்.

அப்புறம் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கச் சொல்லி, இரண்டுக்கும் நடுவில் தன் முஷ்டியை வைத்து, “நசுக்குங்க மேல” என்றார். நான் நசுக்கியதில் அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் கத்தல் வந்தது. அந்த நிலையிலேயே உள்தொடையில் கயிறு மாதிரி நின்ற ஒரு நாணைப் பிடித்து, மேலே மேலே விரலை நகர்த்திக்கொண்டு போனார். அது இடுப்பெலும்பின் முன்பக்கம் போய் ஒட்டும் இடத்தில் அழுத்தியதும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். “இதுதான் அடக்டர் லாங்கஸ், காலை நடுவுக்குச் சேர்க்கிற தசை. இந்த இடத்தில் அதிகமா அடிவாங்குறவர் இவர்தான்.”

நீங்களும் அதைத் தொட்டுப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து அழுத்துங்கள். தொடையின் உள்பக்கம் மேலே புடைத்து நிற்கும் கயிறு அதுதான். அந்தக் கூட்டத்தில் மொத்தம் ஐந்து பேர்: அடக்டர் லாங்கஸ், பிரெவிஸ், மேக்னஸ், பெக்டினியஸ், கிராசிலிஸ். எல்லாமே இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் புறப்படுகின்றன. நான்கு தசைகள் தொடையெலும்பின் பின்புறத்தில் மேலிருந்து கீழாக வரிசையாகப் போய் ஒட்டுகின்றன. கிராசிலிஸ் மட்டும் முழங்காலையும் தாண்டிப்போய்க் கீழே வரும் கணைக்கால் எலும்பின் மேல்பகுதியில், உள்பக்கம் சேர்கிறது. மேக்னஸ் உடம்பின் பெரிய தசைகளில் ஒன்று. ஆழமாக உட்கார்ந்து எழும் ஸ்குவாட் செய்த மறுநாள் உள்தொடை வலிக்கிறதே, அது இவர் வேலை. காலைச் சேர்ப்பதோடு, குனிந்த இடுப்பை நிமிர்த்தவும் உதவுகிறார்.

எனக்கு ஒரு சந்தேகம். நாள் முழுக்க எத்தனை தடவை நாம் எதையாவது தொடைகளுக்கு நடுவில் நசுக்குகிறோம்? குதிரை ஓட்டுகிறவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்கு எதற்கு இவ்வளவு பெரிய தசைக்கூட்டம்?

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. “வலது கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குங்க” என்றார். தூக்கினேன். “இடது கையை வலது தோள்மேல வைங்க. இப்போ மெதுவா இறக்குங்க. எது கெட்டியா இருக்கு?” கை கீழே வருகிறது, அதாவது உடம்பின் நடுவை நோக்கி வருகிறது. அப்படியானால் கையை உடம்போடு சேர்க்கும் தசைகள், மார்பின் பெக்டோரலிஸும் முதுகின் லாட்டிசிமஸும்தானே வேலை செய்ய வேண்டும்? அக்குளின் முன்மடிப்பையும் பின்மடிப்பையும் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் தொளதொள. கெட்டியாக இருந்தது தோளின் மேல் உள்ள டெல்டாய்டு, அதாவது கையைத் தூக்குகிற தசை. கையைக் கீழே கொண்டுவருவது புவியீர்ப்பு. அது பொத்தென்று விழாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விடுவது தூக்குகிற தசை. “இப்போ இந்த மேஜையைக் கையால் கீழே அழுத்துங்க.” அழுத்தினேன். தோள் இளகியது, அக்குள் மடிப்புகள் இரண்டும் விறைத்துக்கொண்டன.

ஒரே திசை, ஒரே அசைவு. ஆனால் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து வேலைக்காரர் மாறிவிடுகிறார். கயிறு ஏறும்போதும் கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும்போதும்தான் கையைச் சேர்க்கும் தசைகளுக்கு முழு வேலை. உடம்பைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு தசையின் பெயரை வைத்து அது எப்போது உழைக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியாது.

காலுக்கு வருவோம். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைப் பக்கவாட்டில் தூக்கிவிட்டு இறக்குங்கள். அது தானாகவே நடுவுக்கு வரும், உள்தொடைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஆனால் வழுக்கும் தரையில் கால் அகட்டி நின்று பாருங்கள். உடம்பின் எடை இரண்டு கால்களையும் பிரித்துத் தள்ளும். இன்னும் அகலாமல் பிடித்து நிறுத்துவது இந்த ஐந்து பேர்தான். ஓட்டத்தில் சட்டென்று திசை மாறும்போதும், பந்தை உதைக்கக் காலைப் பின்னால் வீசும்போதும், கால் ஒரு பக்கம் பறிபோகாமல் கட்டுக்குள் வைப்பதும் இவர்களே. “இது இழுக்கிற தசைங்கிறதைவிட, போகாம பிடிச்சு வைக்கிற தசை சார். நீண்டுக்கிட்டே தாங்கணும். உங்களுக்கு அந்தத் தாங்குற பலம்தான் போயிருக்கு. நீங்க என்னடான்னா அதை இன்னும் நீட்டி விட்டுட்டு இருக்கீங்க” என்றார். ஐந்து மாதமும் ஏன் வீணானது என்பதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

ஒரு சின்னக் கருவியைக் காலில் வைத்து அழுத்தச் சொல்லி அளந்தார். காலை வெளியே தள்ளும் பலத்தை நூறு என்று வைத்தால், என் இடது காலின் சேர்க்கும் பலம் அறுபதைத் தொடவில்லை. 2001-இல் வெளிவந்த ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி வீரர்களைச் சீசன் தொடங்கும் முன்பே அளந்து வைத்துப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். சேர்க்கும் பலம் வெளியே தள்ளும் பலத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு உள்தொடைத் தசை பிய்யும் வாய்ப்பு 17 மடங்கு.

வீட்டுக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்தார். அங்கேயும் சொதப்பினேன். அவர் எழுதியது அடக்டர். நான் வீடியோவில் தேடிப் பார்த்துச் செய்தது அப்டக்டர், அதாவது காலை வெளியே விரிக்கும் தசைக்கான பயிற்சி. ஒரு வாரம் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலில் ரப்பர் பட்டை மாட்டி, சிப்பி திறப்பது போல மேல் முழங்காலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ‘கிளாம்ஷெல்’ என்று அதற்குப் பெயர். வேடிக்கை என்னவென்றால், நிஜச் சிப்பிக்கு ஓட்டைத் திறக்கத் தசையே கிடையாது. திறப்பது கீலில் உள்ள ஒரு நெகிழ்நார். மூடிப் பிடித்து வைப்பதுதான் தசை, அதன் பெயரும் அடக்டர்தான். செத்த சிப்பி வாய் பிளப்பது இதனால்தான். பிசியோவிடம் போனதும் அவர் சிரித்துவிட்டு, இனிமேல் ‘சேர்ப்பது’, ‘விரிப்பது’ என்றே எழுதித் தருவதாகச் சொன்னார். உங்களுக்கும் அதுவே என் யோசனை. மருத்துவர்களே இந்த இரண்டையும் பேசும்போது முதல் எழுத்துகளைப் பிரித்துச் சொல்வார்கள்.

சரியான பயிற்சிக்கு வருகிறேன். முதல் மூன்று வாரம் அசைவே கிடையாது. மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, நடுவில் கால்பந்தை வைத்து 10 விநாடி நசுக்குவது, பத்து தடவை. பிறகு காலை நீட்டி, பந்தைக் கணுக்கால்களுக்கு நடுவில் வைத்து அதையே செய்வது. பந்து தள்ளிப் போகப் போக நெம்புகோல் நீளமாகிறது, அதே அழுத்தத்துக்குத் தசை கூடுதலாக உழைக்க வேண்டும். முழங்காலில் சுலபமாக இருந்தது கணுக்காலில் எனக்கு நடுங்கியது.

நசுக்குவதெல்லாம் ஒரு சிகிச்சையா என்று எனக்கு இளப்பமாக இருந்தது. மசாஜ், மின்சிகிச்சை என்று ஏதாவது செய்வார் என எதிர்பார்த்தேன். டென்மார்க்கில் 1999-இல் இதைத்தான் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாள்பட்ட உள்தொடை வலியுள்ள 68 விளையாட்டு வீரர்கள். ஒரு பாதிக்குத் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி, மறுபாதிக்கு மசாஜ், லேசர், மின்தூண்டல், நீட்டல். முடிவு வரை இருந்தவர்களில் பயிற்சிக் குழுவில் 23 பேர் வலியில்லாமல் பழைய ஆட்டத்துக்குத் திரும்பினார்கள், மற்றக் குழுவில் 4 பேர். இதைக் கேட்ட பிறகு பந்தை மரியாதையோடு நசுக்கினேன்.

எவ்வளவு வலிக்கலாம் என்பதற்கு அவர் கொடுத்த கணக்கு எனக்கு ரொம்ப உதவியது. பத்துக்கு இரண்டு வரை வலித்தால் தொடரலாம். அதற்கு மேல் போனால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். நிஜமான தேர்வு மறுநாள் காலைதான். எழுந்ததும் முஷ்டியை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து ஒரு தடவை நசுக்கிப் பார்ப்பேன். நேற்றைவிட வலி கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். இந்த முஷ்டித் தேர்வு வந்த பிறகு ஊகம் போய்விட்டது.

நான்காவது வாரம் ஒருக்களித்துப் படுத்தல். வலி உள்ள கால் கீழே நீட்டி, மேல் காலை மடக்கி முன்னால் ஊன்றிக்கொண்டு, கீழ்க்காலைத் தரையிலிருந்து தூக்குவது. ஏன் படுத்துச் செய்யச் சொல்கிறார் என்று இப்போது விளங்கியது. நின்றால் புவியீர்ப்பு எனக்காகக் காலைச் சேர்த்துவிடும், படுத்தால் அதற்கு எதிராக நானே தூக்க வேண்டும். ஒரு கையகல உயரம் தூக்குவதற்குள் வியர்த்தது. இதோடு, சாக்ஸ் மாட்டிய காலை வழுவழுப்பான தரையில் பக்கவாட்டில் மெதுவாக வழுக்கவிட்டு, மெதுவாகவே திரும்ப இழுப்பது. வழுக்கவிடும் பாதிதான் முக்கியம் என்பார். அன்று கோர்ட்டில் கையை விட்டுப் போன அதே அசைவு, இப்போது என் கட்டுப்பாட்டில்.

மூன்றாவது மாதம் கோபன்ஹேகன் பயிற்சி. இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதுமே முகம் சுளிப்பார்கள். ஒருக்களித்து முழங்கையை ஊன்றி, மேல் காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ள (அல்லது பெஞ்சில் வைத்துக்கொள்ள), அந்த மேல் காலின் உள்தொடை பலத்திலேயே உடம்பைத் தூக்கி, கீழ்க்காலையும் அதோடு சேர்ப்பது. இறங்கும்போது மூன்று விநாடி. ஆரம்பத்தில் பாதத்தை அல்ல, முழங்காலைத்தான் பெஞ்சில் வைக்க வேண்டும், பந்தில் சொன்ன அதே நெம்புகோல் கணக்கு. எனக்குக் காலைப் பிடிக்க வந்தவன் என் மகன். ஐந்து தடவைக்குள் நான் சரிந்ததைப் பார்த்து, “அப்பா, நீங்க தூக்குறீங்களா, நான் தூக்குறேனா?” என்றான். இந்த ஒரு பயிற்சியை மட்டும் வைத்து நார்வேயில் 35 கால்பந்து அணிகளிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். செய்த அணிகளில் தொடையிடுக்குத் தொல்லைகள் 41 சதவீதம் குறைவு. சீசனில் வாரம் ஒரு முறை செய்தாலே போதும் என்பதுதான் என்னைப் போன்ற சோம்பேறிக்குப் பிடித்த செய்தி.

இந்த மாதங்களில் ‘நடு’ என்பதே எனக்கு ஒரு பித்தாகிவிட்டது. விரல்களைப் பாருங்கள். ஐந்தையும் விரித்துவிட்டுச் சேர்த்தால் அவை உடம்பின் நடுவுக்கா போகின்றன? நடுவிரலை நோக்கிப் போகின்றன. கைக்கு நடுக்கோடு நடுவிரல்தான், அது மட்டும் இரண்டு பக்கமும் விரியும், சேர அதற்கு இடமில்லை. பாதத்தில் அந்தப் பதவி இரண்டாவது விரலுக்கு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை உருவச் சொல்லுங்கள். கட்டைவிரல் நேராக இருந்தபடி பிடித்தால் சேர்க்கும் தசை நலம். நுனி மடங்கிக்கொண்டால் அதற்கு வரும் அல்நார் நரம்பில் கோளாறு இருக்கலாம், வேறொரு தசை கடன் வேலை பார்க்கிறது என்று பொருள். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஃப்ரோமென்ட் கவனித்துச் சொன்னது இது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தொடை இடுக்கு வலி எல்லாம் தசை வலி அல்ல. இருமினால் அங்கே வீக்கம் எழும்பினால் குடலிறக்கமாக இருக்கலாம். விரைப்பையில் திடீர் வலி என்றால் அன்றைக்கே மருத்துவமனை. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்குக் கால் ஊன்ற ஊன்றக் கூடும் வலி, தொடையெலும்பின் கழுத்தில் விழுந்த கீறலாக இருக்கலாம், அதைப் பந்து நசுக்கிச் சரிசெய்ய முடியாது. டப்பென்ற சத்தத்தோடு தொடை முழுக்க நீலம் பாரித்தால், காய்ச்சலோடு வலித்தால், ஒரு கால் மட்டும் வீங்கினால், வீட்டில் காத்திருக்காதீர்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை என்பது என் கெட்டிக்காரத்தனம் அல்ல, பார்க்காமலேயே ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறேன்.

ஒன்பதாவது மாதம் மறுபடி அளந்தபோது இடது காலின் சேர்க்கும் பலம் வெளியே தள்ளும் பலத்துக்குச் சமமாக வந்திருந்தது. உடனே ஆட விடவில்லை. முதலில் ஆளில்லாத கோர்ட்டில் எட்டி வைத்துத் திரும்புவது மட்டும், பிறகு பாதி வேகம், பிறகு இரட்டையர் ஆட்டம். ஒற்றையர் ஆட இன்னும் மூன்று வாரம் பிடித்தது. இப்போது ஆடும் முன் பந்து நசுக்கல் ஒரு சுற்று, தரையைத் துடைக்க ஒரு துணி. ஞாயிற்றுக்கிழமை கோபன்ஹேகன், மகன் வராவிட்டால் பெஞ்ச்.

போன வாரம் ஷூவைக் கழற்றும்போது கவிழ்த்துப் பார்த்தேன். வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. இடதில், கட்டைவிரல் பக்கத்து உள்ஓரத்தில் ரப்பர் மறுபடியும் மழுங்கத் தொடங்கியிருந்தது.